‘தி கிரவுட்’: சுபமும் அன்று, பாடமும் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழின் சினிமாப் பக்கத்தில், 1928இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘தி கிரவுட்’ என்னும் மௌனப்படத்தைப் பற்றிய கட்டுரையைக் கண்டதும் எனக்கு உண்டான மகிழ்ச்சியை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்ட, ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒரு படத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்க முன்வரும் தமிழ் நாளிதழ்கள் அதிகம் இல்லை. ஆனால் கட்டுரையைப் படித்து முடித்தபோது மனம் நிறையவில்லை. அந்தப் படம் விடாமுயற்சியால் வீழ்ச்சியிலிருந்து மீண்ட ஒரு குடும்பத்தின் கதை என்றும், இறுதியில் சுபமாக முடிகிறது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நாயகனாக நடித்த ஜேம்ஸ் மர்ரேயின் வாழ்க்கையை, குடிப்பழக்கம் ஒருவனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எடுத்துக்காட்டு என்று இரண்டே வரிகளில் முடித்துவிட்டார். நாயகியின் புகைப்படத்தை இரண்டு பத்தி அகலத்துக்கு அச்சிட்டிருந்தும், அவர் பெயர் கட்டுரையிலும் இல்லை, படத்தின் கீழும் இல்லை. அந்தப் படத்தை எதற்காக எடுத்தார்களோ அதையே இந்த மூன்று குறைகளும் மறைத்துவிடுகின்றன என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்பதுகளில் சென்னையில் பணியாற்றிய காலத்தில், நண்பர் ஒருவர் உறுப்பினராக இருந்த ஒரு திரைப்படச் சங்கத்தில் இந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தேன். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, பதினாறு எம்.எம். கருவியில் ஓட்டினார்கள். கதாநாயகன் ரயில் பாதைக்கு மேலுள்ள பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்து நிற்கும் இடத்தில் மின்சாரம் போய்விட்டது. ஒரு மணி நேரம் காத்திருந்தும் வரவில்லை. படச்சுருளை மறுநாள் காலையில் திருப்பி அனுப்பியாக வேண்டும் என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்கள். அதனால், அவன் குதித்தானா இல்லையா என்பதை அறியாமலேயே நான் பல ஆண்டுகள் இருந்தேன். பின்னாளில் மகன் தன் கணினியில் முழுப் படத்தையும் போட்டுக் காட்டியபோதுதான் மீதியைப் பார்த்தேன். இந்தப் படத்தின் முடிவைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

படத்தை இயக்கிய கிங் விடோர், 1894இல் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரில் பிறந்தவர். 1925இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்துக்காக அவர் எடுத்த ‘தி பிக் பரேட்’ என்ற போர்ப்படம் பெரும் வெற்றி கண்டது. அந்த வெற்றியின் சூட்டில், நிறுவனத்தின் தயாரிப்புத் தலைவராக இருந்த இளைஞர் இர்விங் தால்பெர்க், அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாராம். கையில் கதை எதுவும் இல்லாத விடோர், சாதாரண மனிதன் ஒருவன் வாழ்க்கையின் ஊடே நடந்து செல்வதையே படமாக்கலாம், அவனுக்கு அதுவும் ஒரு போர்க்களம்தானே என்று அந்த நொடியில் தோன்றியதைச் சொன்னார். லாபம் வருமா என்ற ஐயம் இருந்தும் தால்பெர்க் அதற்கு இசைந்தார். கோட்டையும் வாளும் அரசகுமாரியும் இல்லாமல், ஓர் அலுவலக எழுத்தரின் குடும்ப வாழ்க்கைக்கு ஹாலிவுட்டின் மிகப் பெரிய நிறுவனம் ஒன்று பணம் போட்டது என்பது அந்தக் காலத்தில் சாதாரண செய்தி அன்று.

கதை இதுதான். 1900ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அமெரிக்காவின் விடுதலை நாளில், ஜான் சிம்ஸ் பிறக்கிறான். இவன் பெரிய ஆளாக வருவான் என்று தகப்பனார் பூரித்துப்போகிறார். பையனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அவர் இறந்துவிடுகிறார். அந்தச் செய்தி வரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். மாடிப்படியின் உச்சியில் கேமரா நிற்கிறது. கீழே வாசலில் அக்கம்பக்கத்தார் திரண்டு நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து, பையன் மட்டும் ஒவ்வொரு படியாகத் தயங்கித் தயங்கி நம்மை நோக்கி ஏறி வருகிறான். சுவர்களும் படிகளும் கீழே போகப் போகக் குறுகுமாறு அரங்கை அமைத்திருப்பதால், அந்த வீட்டு மாடிப்படி அவனுக்கு ஒரு மலையாகிவிடுகிறது. கூட்டம் அவனோடு மேலே வருவதில்லை. படத்தின் பெயருக்கு என்ன பொருள் என்பதை விடோர் அங்கேயே சொல்லிவிட்டார் என்று நான் நினைக்கிறேன்.

இருபத்தொரு வயதில் ஜான் நியூயார்க்குக்கு வருகிறான். அடுத்து வரும் காட்சியைக் கட்டுரையாளர் ‘பிரம்மாண்டமான காட்சி’ என்ற ஒரே சொல்லில் கடந்துவிட்டார். அது எப்படி எடுக்கப்பட்டது என்பதை வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. கேமரா ஒரு வானுயர்ந்த கட்டடத்தின் அடியிலிருந்து மேல்நோக்கிப் பார்த்து, மாடி மாடியாக ஏறி, நூற்றுக்கணக்கான ஜன்னல்களில் ஒன்றை நெருங்கி, அதன் வழியே உள்ளே புகுந்து, வரிசை வரிசையாக மேசைகள் பரந்து கிடக்கும் ஒரு பெருங்கூடத்தின் மேல் மிதந்து சென்று, 137 என்ற எண்ணிட்ட மேசையில் அமர்ந்திருக்கும் நம் ஜானிடம் இறங்குகிறது. கணினி வித்தை எதுவும் இல்லாத காலம் அது. தரையில் நிற்கும் மெய்யான கட்டடத்தைக் காட்டிவிட்டு, பார்ப்பவர் அறியாதபடி, கட்டடத்தின் மாதிரி ஒன்றுக்கு மாறினார்கள். அந்த மாதிரி செங்குத்தாக நிற்கவில்லை. படப்பிடிப்புத் தளத்தின் தரையில் படுக்கவைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் கேமராவைக் கிடைமட்டமாக நகர்த்தினால், திரையில் அது மேலே ஏறுவதாகத் தெரியும். ஜன்னலை அடைந்ததும், ஏறத்தாழ இருநூறு மேசைகள் போட்ட அரங்குக்கு மாறி, மேலே கட்டிய கம்பியில் கேமராவைத் தொங்கவிட்டு இறக்கினார்கள். ஒளிப்பதிவாளர் ஹென்றி ஷார்ப்; அரங்கமைப்பில் செட்ரிக் கிப்பன்ஸ், ஆர்னால்ட் கில்லெஸ்பி ஆகியோரின் கைவண்ணம் உண்டு. 1960இல் பில்லி வைல்டர் எடுத்த ‘தி அப்பார்ட்மெண்ட்’ படத்தில் வரும் காப்பீட்டு அலுவலகக் காட்சியைப் பார்த்தவர்கள், அதன் மூலம் இதுதான் என்று உடனே கண்டுகொள்வார்கள்.

இந்த நுட்பத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அந்த மேசையில் ஜான் என்ன செய்கிறான் என்பது. பேரேட்டில் எண்களை நிரப்புகிறான்; இடையிடையே ஒரு தாளில் விளம்பர வாசகங்களை யோசித்து எழுதுகிறான்; கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கிறான். மணி ஐந்து அடித்ததும் அத்தனை மேசைகளிலும் ஒரே நேரத்தில் வேலை நிற்கிறது. அத்தனை பேரும் எழுந்து கதவை நோக்கிப் பாய்கிறார்கள். தான் மற்றவர்களைப் போல் இல்லை, தனக்கு நேரம் வரும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டே அந்த ஒரே கதவின் வழியாக வெளியே போகிறார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் அப்படி எழுந்து போனவன் என்பதால், அந்தக் காட்சியில் ஒரு பொய்யும் இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஜான், நண்பன் பெர்ட்டின் மூலம் மேரியைச் சந்திக்கிறான். பெர்ட்டும் அவன் தோழியும் சேர்ந்து நால்வருமாக மாடிப் பேருந்தின் மேல்தளத்தில் போகும்போது, மார்பிலும் முதுகிலும் விளம்பரப் பலகைகளைத் தொங்கவிட்டு, கோமாளி வேடத்தில் பந்துகளை வீசிப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருவனைக் கண்டு ஜான் சிரிக்கிறான். இவன் நாட்டின் அதிபராவான் என்று இவன் தகப்பன் நினைத்திருப்பான் என்று ஏளனம் பேசுகிறான். பிறகு திருமணம், நயாகரா அருவிக்குப் பயணம், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சின்னஞ்சிறு வீடு. அந்த வீட்டில் அலமாரிக் கதவு மூடி நிற்பதில்லை. கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் ஓடுவது நிற்பதில்லை. கழிப்பறை என்ற ஒன்று இருப்பதையே அன்றைய ஹாலிவுட் படங்கள் காட்டுவதில்லை. நிறுவனத்தின் தலைவர் லூயி பி. மேயருக்கு இந்தப் படத்தின்மேல் ஏற்பட்ட வெறுப்புக்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். ஆனால் அந்தத் தொட்டி இல்லாமல் அந்தக் குடும்பம் இல்லை. காலைப்பொழுதில் கணவனும் மனைவியும் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று பார்த்தால், அலமாரிக் கதவும் ஓடும் தண்ணீரும்தான். அந்தச் சண்டையில் அவன் கோபித்துக்கொண்டு வெளியேறிய பிறகு, அவள் ஜன்னல் வழியே அவனைக் கூப்பிட்டுத் திரும்ப வரவழைத்துத் தான் கருவுற்றிருப்பதைச் சொல்கிறாள்.

இங்கே நாயகியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் பெயர் எலினார் போர்ட்மேன். 1898இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். கோடாக் நிறுவனத்தின் விளம்பரப் படங்களில் தோன்றிப் புகழ்பெற்ற பிறகு திரைக்கு வந்தவர். 1926இல் விடோரை மணந்துகொண்டார். அதே ஆண்டில் கணவரின் இயக்கத்திலேயே ‘பார்டெலிஸ் தி மேக்னிஃபிசென்ட்’ என்ற படத்தில் பட்டாடை உடுத்திய உயர்குலப் பெண்ணாக நடித்திருக்கிறார். பல பத்தாண்டுகளாக அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அந்தப் படத்தின் படி ஒன்று 2006இல் பிரான்சில் கிடைத்தது. அதை முதலில் பார்த்துவிட்டு ‘தி கிரவுட்’டைப் பார்ப்பவர்களுக்கு, இரண்டிலும் நடித்தவர் ஒருவரே என்பதை நம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இதில் அவர் தலைமுடி கலைந்திருக்கிறது, ஆடை கசங்கியிருக்கிறது, கண்களின் கீழ் களைப்பு தெரிகிறது. ஒரு நட்சத்திர நடிகை, தன்னை அழகாகக் காட்டும் வாய்ப்புகள் அத்தனையையும் விட்டுக்கொடுத்து, சமையலறையில் நிற்கும் ஒரு பெண்ணாகவே மாறிவிட்டார். சண்டையின்போது அவர் முகத்தில் தோன்றும் மாறுதல்களைப் பாருங்கள். முதலில் பதில் சொல்ல வாய் எடுக்கிறார். பிறகு வேண்டாம் என்று அடக்கிக்கொள்கிறார். அவன் போன பிறகுதான் உதடு நடுங்குகிறது. மௌனப்படங்களில் வசனத்தை எழுதிக் காட்டும் எழுத்து அட்டை எதுவும் தேவைப்படவில்லை. 1991 வரை, தொண்ணூற்று மூன்று வயது வரை வாழ்ந்த இந்த அம்மையாரின் பெயரைச் சொல்லாமல் அவர் முகத்தை மட்டும் அச்சிடுவது நியாயம் ஆகாது.

ஐந்து ஆண்டுகள் ஓடுகின்றன. ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டு குழந்தைகள். ஜான் எழுதி அனுப்பிய விளம்பர வாசகம் ஒன்றுக்கு 500 டாலர் பரிசு கிடைக்கிறது. குழந்தைகளுக்குப் பொம்மைகள் வாங்கி வந்து, தெருவின் மறுபக்கம் விளையாடிக்கொண்டிருக்கும் அவர்களை ஜன்னலில் நின்று தகப்பனும் தாயும் கையசைத்துக் கூப்பிடுகிறார்கள். பொம்மையைப் பார்த்த ஆவலில் ஓடி வரும் பெண் குழந்தையின்மேல் லாரி மோதிவிடுகிறது. படத்தில் நேரும் ஒரே நல்ல காரியத்திலிருந்துதான் அந்தச் சாவு வருகிறது. விடாமுயற்சி வென்ற கதை என்று இதைச் சொல்பவர்கள் இந்த இடத்தை எப்படிக் கடந்து போகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

குழந்தை உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது வெளியே நகரம் இரைகிறது. அந்த இரைச்சல் குழந்தையை எழுப்பிவிடும் என்று ஜான் தெருவில் இறங்கி, எதிரே வரும் கூட்டத்துக்குள் கைகளை உயர்த்தியபடி, சத்தம் போடாதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டே போகிறான். உன் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்பதற்காக உலகம் நின்றுவிடாது என்று ஒரு போலீஸ்காரர் அவனைத் திருப்பி அனுப்புகிறார். அந்தப் போலீஸ்காரரைக் கொடியவராக விடோர் காட்டவில்லை. அவர் சொல்வது உண்மை. அதனால்தான் அதைத் தாங்க முடியவில்லை. ஒலியே இல்லாத ஒரு படத்தில், சத்தத்தை நிறுத்தச் சொல்லி ஒருவன் மன்றாடும் காட்சி நம் காதை அடைக்கிறது என்றால், அதை எடுத்தவர்களின் ஆற்றலை என்னவென்று சொல்வது? நியூயார்க்கின் தெருக்காட்சிகள் பலவற்றில் உண்மையான மக்கள் கூட்டமே இருக்கிறது. கேமராவைப் பெட்டிகளுக்குள் மறைத்துவைத்துப் படம்பிடித்தார்கள் என்பதால், அங்கே நடந்து போகிறவர்களில் பலருக்குத் தாங்கள் ஒரு படத்தில் இடம்பெறுகிறோம் என்பதே தெரியாது.

மகளை இழந்த பின் ஜானால் எண்களைப் பார்க்க முடியவில்லை. வேலையை விட்டுவிடுகிறான். கிடைத்த வேலைகள் எதிலும் நிலைக்கவில்லை. மேரி தையல் வேலை செய்து குடும்பத்தை ஓட்டுகிறாள். ஒரு நாள் அவன் ரயில் பாலத்துக்குப் போகிறான். சிறுவன் பின்னாலேயே வருகிறான். குதிக்க அவனுக்குத் துணிவு வரவில்லை. நான் பெரியவன் ஆனதும் உங்களைப் போல இருப்பேன் என்று மகன் சொல்கிறான். அதன் பிறகு ஜானுக்குக் கிடைக்கும் வேலை எது தெரியுமா? மார்பிலும் முதுகிலும் விளம்பரப் பலகைகளைத் தொங்கவிட்டு, கோமாளி வேடத்தில் தெருவில் பந்துகளை வீசிப் பிடிக்கும் வேலை. எவனைப் பார்த்துச் சிரித்தானோ, அவனாகவே வந்து நிற்கிறான். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ என்ற இத்தாலியப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தகப்பனையும் மகனையும் கண்டதும் வேறு ஒரு தகப்பனும் மகனும் நினைவுக்கு வருவார்கள். அதை இயக்கிய டி சிகா, ‘தி கிரவுட்’ தமக்குத் தூண்டுதலாக இருந்தது என்று தம்மிடம் சொன்னதாக விடோர் பதிவு செய்திருக்கிறார்.

இனி முடிவுக்கு வருகிறேன். இந்தப் படத்தை எப்படி முடிப்பது என்று விடோருக்கும் நிறுவனத்துக்கும் இடையே நீண்ட இழுபறி நடந்தது. ஏழு முடிவுகளை எடுத்து, சிறு ஊர்களின் அரங்குகளில் போட்டுப் பார்த்ததாக விடோர் எழுதியிருக்கிறார். ஜான் விளம்பரத்துறையில் பெரும் பணம் சம்பாதித்து, அழகான வீட்டில் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றிக் குடும்பம் கூடி நிற்பதாக எடுத்த முடிவும் அவற்றில் உண்டு. படம் வெளியானபோது, அந்த முடிவு, விடோர் விரும்பிய முடிவு என இரண்டையும் அரங்க உரிமையாளர்களுக்கு அனுப்பி, எது வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நிறுவனம் விட்டுவிட்டது. பணக்கார முடிவைப் பெரும்பாலோர் பயன்படுத்தவில்லை. கட்டுரையாளர் சொல்லும் சுபம் அந்தக் கிறிஸ்துமஸ் மரத்தோடு போய்விட்டது. இன்று நாம் பார்க்கும் படியில் இருப்பது வேறு.

அதில் நடப்பது இது. அண்ணன்மார்களுடன் பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டுவிட்ட மேரியிடம், அன்றைய கூலியில் வாங்கிய நாடகச் சீட்டுகளுடனும் ஒரு பூவுடனும் ஜான் வந்து நிற்கிறான். அவள் தங்கிவிடுகிறாள். கணவன், மனைவி, மகன் மூவரும் கேளிக்கை அரங்குக்குப் போகிறார்கள். மேடையில் கோமாளிகள் வேடிக்கை செய்கிறார்கள். கையிலுள்ள நிகழ்ச்சித்தாளில், ஜானுக்குப் பரிசு பெற்றுத் தந்த அந்த விளம்பர வாசகம் அச்சாகியிருப்பதை மேரி கண்டு சுட்டிக்காட்டுகிறாள். அவன் அதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் பெருமையோடு காட்டுகிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்போது கேமரா பின்வாங்கத் தொடங்குகிறது. மூன்று பேர் முப்பது பேர் ஆகிறார்கள், பிறகு நூற்றுக்கணக்கானோர். முன்னும் பின்னும் சாய்ந்து சாய்ந்து சிரிக்கும் தலைகளுக்கு நடுவே, நாம் ஒன்றரை மணி நேரம் கூடவே வாழ்ந்த குடும்பம் எங்கே இருக்கிறது என்று தேடினாலும் கண்டுபிடிக்க முடிவதில்லை. படம் அங்கே முடிகிறது.

இதைச் சுபம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோகம் என்றும் சொல்ல முடியவில்லை. அவர்கள் உண்மையாகவே சிரிக்கிறார்கள்; அந்தச் சிரிப்பைப் பொய் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதே சமயம் நாளைக்கு அவன் மறுபடியும் அந்தப் பலகைகளை மாட்டிக்கொள்ளத்தான் வேண்டும். இறந்த மகள் இறந்தவள்தான். அவன் கூட்டத்தை வென்றுவிடவில்லை. கூட்டமும் அவனை விழுங்கி ஏப்பம் விட்டுவிடவில்லை. அவன் அதில் ஒருவன் என்பதை மட்டும் படம் சொல்கிறது. அன்று சென்னையில் மின்சாரம் போனதால் பாலத்திலேயே நின்றுபோன என் ஜான் சிம்ஸ் ஒரு சோகக் கதையின் நாயகனாக என் மனத்தில் இருந்தான். பிற்பாடு முழுப் படத்தையும் பார்த்தபோது, அவன் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மனிதனாக ஆனான். விடாமுயற்சி என்ற சொல்லை இதன்மேல் ஒட்டினால் அந்த மனிதன் காணாமல் போய்விடுகிறான்.

ஜேம்ஸ் மர்ரேயைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதும் இதே வகையில்தான் என்னை வருத்தியது. மர்ரே 1901இல் நியூயார்க்கில் பிறந்தவர். விடோர் அவரைக் கண்டபோது அவர் எக்ஸ்ட்ரா நடிகர்களுள் ஒருவராகக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார். பார்த்த மாத்திரத்தில் இவர்தான் ஜான் என்று விடோருக்குத் தோன்றிவிட்டது. நிறுத்திப் பேசி, மறுநாள் வரச் சொன்னார். மர்ரே வரவில்லை, பெரிய இயக்குநர் ஒருவர் தன்னைக் கூப்பிடுகிறார் என்பதை அவர் நம்பவில்லை, யாரோ விளையாடுகிறார்கள் என்று விட்டுவிட்டார். எக்ஸ்ட்ராக்களின் பட்டியலைத் தேடி அவர் பெயரைக் கண்டுபிடித்து, ஒரு நாள் கூலி தருவதாகச் சொல்லித்தான் சோதனைப் படப்பிடிப்புக்கு வரவழைக்க முடிந்தது. கூட்டத்தில் ஒருவனின் கதைக்குக் கூட்டத்திலிருந்தே ஒருவரை எடுத்தார்கள் என்பது வெறும் விளம்பரப் பேச்சு அன்று. படத்தில் அவர் நடிப்பைக் கவனியுங்கள். நாயகன் என்ற நினைப்பு அந்த உடம்பில் எங்கும் இல்லை. மகளைத் தூக்கிக்கொண்டு படியேறும் அந்தக் கைகளுக்கு எந்த நடிப்புப் பள்ளியும் பாடம் சொல்லித் தந்திருக்க முடியாது.

அதன் பிறகு அவருக்கு வாய்ப்புகள் வந்தன. ஜோன் கிராஃபோர்டுடன் ‘ரோஸ்-மேரி’, லான் சேனியுடன் ‘தி பிக் சிட்டி’, ‘தண்டர்’ ஆகிய படங்களில் நடித்தார். முதல் இரண்டும் இன்று இல்லை. மூன்றாவதில் சில துண்டுகளே மிஞ்சியிருக்கின்றன. குடிப்பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது உண்மை. முப்பதுகளின் தொடக்கத்தில், தெருவில் தம்மை நிறுத்திக் காசு கேட்ட ஒருவரை உற்றுப் பார்த்தபோது, அவர் மர்ரே என்று விடோருக்குத் தெரிந்தது. விடோர் அப்போது ‘அவர் டெய்லி பிரெட்’ என்ற படத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அதிலும் நாயகன், நாயகியின் பெயர்கள் ஜான், மேரி சிம்ஸ்தான். குடியை நிறுத்தி, உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்தால் அந்த வேடத்தைத் தருவதாக விடோர் சொன்னார். தெருவில் நிறுத்திக் காசு கேட்டேன் என்பதற்காக, நான் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை உமக்கு வந்துவிட்டதா என்ற பொருளில் மர்ரே பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். 1934இல் வெளிவந்த அந்தப் படத்தில் டாம் கீன் நடித்தார். 1936 ஜூலையில் ஹட்சன் ஆற்றில் மூழ்கி மர்ரே இறந்தார், வயது முப்பத்தைந்து. அது விபத்தா, அவரே தேடிக்கொண்டதா என்பது நிறுவப்படவே இல்லை. தற்கொலை என்று கட்டுரையாளர் உறுதியாக எழுதியதற்கு ஆதாரம் கிடையாது.

அந்தப் பதிலில் இருக்கும் தன்மானத்தை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது. அதைத் திமிர் என்று சொல்வோரும் உண்டு. ஆனால் விடோர் அப்படி நினைக்கவில்லை என்றே தெரிகிறது. ஏனெனில் எழுபதுகளில், முதிய வயதில், மர்ரேயின் வாழ்க்கையைப் படமாக்க வேண்டும் என்று ‘தி ஆக்டர்’ என்ற பெயரில் திரைக்கதை எழுதினார். அதை எடுக்க அவருக்குப் பணம் கிடைக்கவில்லை, 1982இல் காலமாகிவிட்டார். நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஓர் இயக்குநரின் மனத்தைவிட்டு அகலாத ஒரு மனிதரை, குடியின் தீமைக்கு எடுத்துக்காட்டு என்று இரண்டு வரியில் நாம் முடித்துவிடக் கூடாது.

படத்துக்கு நேர்ந்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன். எடுத்து முடித்த பிறகும் நிறுவனம் நெடுநாள் அதை வெளியிடாமல் வைத்திருந்தது. 1928 பிப்ரவரியில் நியூயார்க்கின் கேப்பிட்டல் அரங்கில் அது திரையேறியபோது, பேசும்படத்தின் அலை எழுந்துவிட்டிருந்தது. 1929 மே 16ஆம் நாள் நடந்த முதலாவது ஆஸ்கார் விழாவில், தனித்துவமும் கலைநயமும் மிக்க படத்துக்கான பரிசுக்கும், சிறந்த இயக்குநர் பரிசுக்கும் ‘தி கிரவுட்’ பரிந்துரைக்கப்பட்டிருந்தது. முதல் பரிசு ‘சன்ரைஸ்’ படத்துக்கும், இரண்டாவது ஃபிராங்க் போர்சேஜுக்கும் போயின. தம் சொந்த நிறுவனத்தின் படத்துக்கு எதிராகவே மேயர் வாதாடினார் என்று விடோர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் 1912 முதல் 1929 வரை வெளிவந்த ஏறத்தாழ பதினோராயிரம் முழுநீள மௌனப்படங்களில், முதலில் வெளியான அதே வடிவில் முழுமையாக எஞ்சியிருப்பவை 14 விழுக்காடு மட்டுமே என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அப்படிப்பட்ட அழிவிலிருந்து இந்தப் படம் தப்பியது. 1981இல் கார்ல் டேவிஸ் புதிதாக இசையமைக்க, லண்டனில் முழு வாத்தியக் குழுவுடன் மீண்டும் திரையிடப்பட்டது. 1989இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேடு தொடங்கப்பட்டபோது, முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட 25 படங்களுள் இதுவும் ஒன்று.

கட்டுரையாளர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இந்தப் படத்தைத் தமிழ் வாசகர்களிடம் கொண்டுவர வேண்டும் என்ற அவருடைய ஆர்வத்துக்கு நன்றி உடையவனாக இருக்கிறேன். தங்களிடம் நான் கேட்பது இரண்டு. ஜேம்ஸ் மர்ரேயின் சாவைப் பற்றிய வரியைத் திருத்தி வெளியிடுங்கள். சென்ற வாரம் அச்சிட்ட அதே புகைப்படத்தை, இடம் சிறியதாயினும் சரி, மீண்டும் ஒருமுறை போட்டு, அதன் கீழே எலினார் போர்ட்மேன் என்று பெயரைக் குறிப்பிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற காப்பீட்டு அலுவலக எழுத்தர் ஒருவர்,
கும்பகோணம்.